பினாங்கு ராணுவப் பொத்தான் சேகரிப்பாளர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

நம் சங்கத்துக்கு இந்த ஆண்டு பெரும்பாலும் ஒரே எண்ணோடு கழிந்தது: 33. பிரிட்டிஷ் 33ஆம் காலாட்படையின் பொத்தானைப் பினாங்குக்காரர்கள் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆன ஆர்தர் வெல்லஸ்லி, 1797இல் இந்தப் படையோடுதான் இங்கே வந்தார். மணிலாவைப் பிடிக்கக் கிளம்பிய படை அது. திட்டம் பாதியில் கைவிடப்பட்டு எல்லோரும் இந்தியா திரும்பினார்கள். 1766 முதல் அந்தப் படைக்குக் கர்னலாக இருந்தவர் கார்ன்வாலிஸ். எஸ்பிளனேட் பக்கத்தில் இருக்கும் கோட்டைக்கு அவர் பெயர்தான். அவர் இறந்த பிறகு, 1806இல் அந்தப் பதவி வெல்லஸ்லிக்கே வந்தது. இந்த இரட்டைத் தொடர்பு எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. (செபராங் பிறையின் பழைய பெயரான புரோவின்ஸ் வெல்லஸ்லி அண்ணன் ரிச்சர்டைக் குறிப்பது, தம்பியை அல்ல.)

மாதக் கூட்டங்களில் அதிகம் பேசியது காலம் கணிப்பதைப் பற்றி. படை எண்ணைப் பொத்தானில் போட வேண்டும் என்ற உத்தரவு 1767இல் வந்தது. சாதாரணப் படைவீரருக்குப் பியூட்டர், அதாவது வெள்ளீயக் கலவை. 1855 வாக்கில்தான் பித்தளை வந்தது. 33ஆம் படையின் அதிகாரிகளுக்கு வெள்ளி நிறம். 1830இல்தான் நிரந்தரப் படை அதிகாரிகள் எல்லோரும் தங்க நிறத்துக்கு மாறினார்கள். ஆக, தங்க முலாம் பூசிய 33 கையில் கிடைத்தால், அது 1797இல் பினாங்கைப் பார்த்திருக்காது. கோமகன் பெயரே பொறித்திருந்தால் இன்னும் சுலபம்: அவர் இறந்தது 1852இல், அவர் பெயர் படைக்குச் சூட்டப்பட்டது 1853இல். அப்புறம், பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரும் தெருவும் இருந்தால், கடை இடம் மாறிய காலத்தை வைத்து ஆண்டை நெருங்கலாம்.

'வெலிங்டன் அணிந்தது' என்று சொல்லி விற்கும் பொத்தானுக்கு ஒரு ரிங்கிட்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பொத்தான் படையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ஆளைச் சொல்லக் கடிதமோ குடும்ப ஆவணமோ கூடவே வர வேண்டும். யாரென்று தெரியாத ஒரு படைவீரரின் தேய்ந்த பியூட்டர் 33 கிடைத்தால், அதையே நான் பெரிதாக மதிப்பேன்.

பராமரிப்பு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பித்தளை பாலீஷ் போட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும், போனது திரும்பாது. நம் ஊர் ஈரப்பதத்தில் பி.வி.சி. உறை செம்புக் கலவையில் பச்சை பிடிக்க வைக்கிறது. மரப்பெட்டியின் அமில ஆவியால் ஈயம் கலந்த பியூட்டர் வெள்ளையாகப் பொடிந்துபோகிறது. அமிலமில்லாத காகித உறையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும், செலவும் குறைவு.

மண்ணில் கிடைத்த பொருளைச் சங்கத்துக்குள் கொண்டுவர வேண்டாம். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இன்படி மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறையைத் திறந்து, நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அடுத்த ஆண்டு, உறுப்பினர்களிடம் உள்ள எல்லாப் பொத்தான்களையும் இருபுறமும் படமெடுத்துப் பொதுப் பதிவேடு தயாரிக்க வேண்டும் எனச் செயலவை சார்பில் முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்புவோர் கை உயர்த்தலாம்.