செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அப்புறம் பிள்ளைகள் இங்கே என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கும் பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நமது வீடியோ கேம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். இதை ஏன் மே மாத வெயிலில் கூட்டுகிறீர்கள் என்று வழக்கம்போல் கேள்வி வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் நம் உறுப்பினர்கள் ராத்திரியில் தொடர்ந்து வீட்டில் இருப்பது இந்த 61 நாள்தான். வேறு மாதம் வைத்தால் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு பழைய கதை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து உறுப்பினர்களிடம் பெரும்பாலும் பிளேஸ்டேஷன், அதாவது டிவியில் செருகி ஆடும் சோனி கன்சோல்தான். வாப்பாவோ, காக்கா என்கிற அண்ணனோ துபாயிலிருந்து லீவில் வரும்போது பெட்டிக்குள் துணிமணிக்கு நடுவே வந்து இறங்கியது. வேதாளை, மண்டபம், ஏர்வாடிப் பக்கத்து உறுப்பினர்களிடம் கம்ப்யூட்டர். மதுரையில் பழசாக வாங்கி, கிராபிக்ஸ் கார்டை அடுத்த தீபாவளிக்குப் போட்டது. இரண்டு கூட்டமும் ஆடியது ஒரே ஆட்டம். ஆனால் சேர்ந்து ஆட வழியில்லை. இந்தச் சங்கம் தொடங்கியதே அந்தக் குறையால்தான். ஆகவே கிராஸ்பிளே, அதாவது வேறு வேறு இயந்திரக்காரர்கள் சேர்ந்து ஆடும் வசதி, இல்லாத எந்த ஆட்டத்தையும் நாம் போட்டியாக நடத்துவதில்லை.

இந்த ஆண்டு முதல் வேலை, போட்டிக்கு ஆட்டம் தேர்வு செய்வது. கால்பந்து வேண்டும் என்று பெருங்கூச்சல். எஃப்சி 25 என்ற கால்பந்து ஆட்டத்தில் கிராஸ்பிளே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிஎஸ்5 என்கிற பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் புது எக்ஸ்பாக்ஸ் கன்சோல், பிசி என்கிற கம்ப்யூட்டர் மூன்றும் ஒரு பந்தி, பிஎஸ்4-உம் பழைய எக்ஸ்பாக்ஸும் வேறு பந்தி. பிஎஸ்4 வைத்திருப்பவர் பிசி வைத்திருப்பவரோடு ஆட முடியாது. நம்மிடம் பிஎஸ்4-தான் அதிகம். போதாததற்கு ஆட்டத்துக்கும் காசு, பிளேஸ்டேஷனில் ஆன்லைன் சந்தாவுக்கும் காசு. ஆகவே மறுபடியும் ராக்கெட் லீக். காரை ஓட்டிப் பந்தைக் கோலுக்குள் தள்ளுவது, ஐந்து நிமிட ஆட்டம். 2020 செப்டம்பரிலிருந்து இலவசம், இலவச ஆட்டங்களுக்குப் பிளேஸ்டேஷனில் சந்தாவும் தேவையில்லை. 2015-இல் வெளிவந்த நாளிலேயே பிஎஸ்4-ஐயும் பிசியையும் சேர்த்து ஆட விட்ட ஆட்டம் அது. கால்பந்து ரசிகர்களின் கோபம் இன்னும் தீரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மூவர் அணி, அதில் ஒருவராவது மற்ற இயந்திரத்துக்காரராக இருக்க வேண்டும் என்று விதி போட்டோம். இது தலைவரின் யோசனை. முதலில் முணுமுணுப்பு இருந்தது. பிறகு ஏர்வாடித் தம்பி ஒருவர் கீழக்கரை வீட்டில் நோன்புக் கஞ்சி குடிக்கும் அளவுக்குப் போய்விட்டது, போதும்.

தொடக்க நாளில் ஒரு கேலிக்கூத்து. தனி அறைக்குப் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு எல்லோருக்கும் அனுப்பிவிட்டோம். ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஆறாவது ஆள் மட்டும் அப்படி ஒரு அறையே இல்லை என்கிறார். நெட் சரியில்லை என்றார்கள், எக்ஸ்பாக்ஸே சரியில்லை என்றார்கள், மோடத்தை மூன்று முறை அணைத்துப் போட்டார்கள். அரை மணி கழித்து அவர் தங்கச்சி வந்து செட்டிங்ஸைத் திறந்து பார்த்தால், கிராஸ்பிளே என்ற வரிக்கு எதிரே டிக் இல்லை. அந்தத் தங்கச்சியை உடனே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டோம். சந்தா பாக்கி.

இனி, இந்த ஆண்டின் பெரிய சண்டை. செப்டம்பரில் ஃபோர்ட்நைட் என்ற சுடும் ஆட்டத்தில் நமக்குள் தனியாக ஒரு போட்டி வைத்தோம். கார் ஓட்டும் ஆட்டத்தில் கையில் என்ன இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, பிசிக்காரர்களே பலர் கன்ட்ரோலரில்தான் ஆடுகிறார்கள். சுடும் ஆட்டத்தில் அப்படி இல்லை. மவுஸ் வைத்திருப்பவர் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் பின்னால் திரும்பிவிடுவார். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் குச்சியைத் தள்ளித் திரும்புவதற்குள் ஆள் காலி. இதைச் சரிக்கட்டத்தான் கன்ட்ரோலருக்கு எய்ம் அசிஸ்ட் என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். குறி எதிராளியின் மேல் வரும்போது சற்றே ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும். மவுஸ்காரர் இதைத் திருட்டு என்கிறார். கன்ட்ரோலர்காரர் மவுஸையே திருட்டு என்கிறார். இரண்டு பக்கமும் கத்தியதில் பக்கத்துத் தையல் கடைக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

அந்தச் சண்டையில்தான் விஷயம் வெளியே வந்தது. தொடர்ந்து வென்ற பிஎஸ்4 உறுப்பினர் ஒருவரின் டிவிக்குப் பின்னால் தீப்பெட்டி மாதிரி ஒரு கருப்புப் பெட்டி. ஒரு பக்கம் மவுஸ் ஒயர், மறுபக்கம் பிஎஸ்4. மவுஸை அது கன்ட்ரோலர் என்று இயந்திரத்தை நம்ப வைக்கிறது. அதாவது மவுஸின் வேகமும் கிடைக்கும், எய்ம் அசிஸ்டும் கிடைக்கும். இலையில் சோறும் வேண்டும், பார்சலும் வேண்டும் என்றால் எப்படி? அவர் பரிசைத் திருப்பித் தந்துவிட்டார், அதோடு விட்டுவிட்டோம், பெயர் சொல்லப்போவதில்லை.

அதற்குப் பிறகு செயற்குழு எடுத்த முடிவு இது. சுடும் ஆட்டங்களில் பிரிவு இயந்திரத்தை வைத்து அல்ல, கையில் இருப்பதை வைத்து. 2019 அக்டோபரில் வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் ஆட்களைச் சேர்த்ததும் இப்படித்தான். பிஎஸ்4-இல் மவுஸும் கீபோர்டும் நேராகச் செருகியவர் மவுஸ் பிரிவு, பிசியில் கன்ட்ரோலர் செருகியவர் கன்ட்ரோலர் பிரிவு. கருப்புப் பெட்டிக்கு எந்தப் பிரிவும் இல்லை. இதை இன்றைய பொதுக்குழு உறுதி செய்ய வேண்டுகிறேன்.

டிசம்பரில் பெற்றோர்களுக்காக ஒரு மாலைக் கூட்டம் நடத்தினோம். படகுச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி எழுந்து, "ஒரே ஆட்டம்னா சேந்து ஆட வேண்டியதுதானே, இத்தனை வருசம் யார் தடுத்தா?" என்று கேட்டார். அன்று சொன்ன பதிலைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். தொழில்நுட்பம் தடுக்கவில்லை. 2002-லேயே ஃபைனல் ஃபேன்டசி 11-இல் பிஎஸ்2-உம் கம்ப்யூட்டரும் ஒரே உலகத்தில் ஆடின. கதவைப் பூட்டியது வியாபாரம். 2016 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் தன் பக்கக் கதவைத் திறந்தது. அதிகம் விற்ற கன்சோலை வைத்திருந்த சோனிக்குத் திறக்க அவசரமில்லை. 2017 செப்டம்பரில் ஃபோர்ட்நைட்டில் ஏதோ தவறால் பிஎஸ்4-உம் எக்ஸ்பாக்ஸும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஆடிவிட்டன. பூட்டு எவ்வளவு சின்னது என்று அன்று தெரிந்துபோனது. 2018 ஜூனில் நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் கன்சோலுக்கு ஃபோர்ட்நைட் வந்தபோது, பிஎஸ்4-உடன் இணைத்த கணக்கால் அதில் நுழையவே முடியவில்லை. ஆடுபவர்கள் கொதித்தார்கள். செப்டம்பர் 26-இல் சோனி இறங்கி வந்தது.

திறந்ததும் சும்மா திறக்கவில்லை. 2021-இல் ஃபோர்ட்நைட்டின் நிறுவனமான எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் ஆவணங்கள் வெளியே வந்தன. பிளேஸ்டேஷனில் அதிகம் ஆடுபவர்கள் செலவை வேறு இடத்தில் செய்தால், அந்த வித்தியாசத்துக்கு ஆட்டத்தின் நிறுவனம் சோனிக்கு ஈடு கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. சம்மாட்டி உடனே, "நம்ம படகு பாம்பன்ல மீன் இறக்குனா மண்டபம் தரகருக்கும் கமிஷன் கொடுக்கிற மாதிரி" என்றார். எனக்கு அரை மணி நேரம் பிடித்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மழை. நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தங்கச்சிமடம், பாம்பன் உறுப்பினர்கள் வீட்டுக்குள் தண்ணீர். அந்த வார ஆட்டங்களை மொத்தமாகத் தள்ளிவைத்தோம்.

மழையைவிட உப்புக்காற்றுதான் நமக்கு நிரந்தர எதிரி. கடற்கரைத் தெருவில் சன்னலை ஒட்டி வைத்திருந்த பிஎஸ்4 ஒன்றில் படம் விட்டு விட்டு வந்தது. கழற்றிப் பார்த்தால் எச்டிஎம்ஐ ஒயர் செருகும் இடத்தில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. பழுது பார்த்த கடை ஒரு மாதம் வைத்திருந்து, போர்டே போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்தது. நம் துணைச் செயலாளர் பழைய பல் துலக்கும் பிரஷும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வைத்துத் தேய்த்து அதை மறுபடி ஓட வைத்தார். வாடைக்காற்று தொடங்குவதற்குள் எல்லோரும் இயந்திரத்தைச் சன்னலிலிருந்து நகர்த்திவிடுங்கள். துணி போட்டு மூடுங்கள், ஆனால் ஓடும்போது மூடாதீர்கள். இதை நான் சொல்லும் காரணம் ஒருவருக்குத் தெரியும்.

துபாயிலிருந்து வரும் பெட்டிகள் பற்றியும் ஒரு வார்த்தை. சதுர முள் பிளக்குக்கு ஆட்டம் காணும் கன்வெர்ட்டரைச் செருகித் தீப்பொறி விடவேண்டாம். பிஎஸ்5-க்கு எட்டு வடிவ முனை கொண்ட நல்ல நம்மூர் ஒயர் ஒன்று போதும். அங்கே தொடங்கிய கணக்கென்றால் இங்கே வாங்கும் பிளேஸ்டேஷன் கார்டு அதில் ஏறாது, கணக்கின் நாட்டையும் மாற்ற முடியாது. சேர்ந்து ஆட இது தடையில்லை, காசு ஏற்றத்தான் தடை.

பேச்சுக்கு இன்னும் ஒரே வழி கிடைக்கவில்லை. பிளேஸ்டேஷனின் பேச்சுக் குழுவான பார்ட்டிக்குள் பிசிக்காரர் வர முடியாது என்பதால் எல்லோரும் டிஸ்கார்ட் என்ற பேச்சுச் செயலியில் கூடுகிறோம். பிஎஸ்5-இல் அது 2023-இலேயே வந்துவிட்டது. பிஎஸ்4-காரர்கள் பாவம், மடியில் போனை வைத்து, ஒரு காதில் இயர்போன், மறு காதில் டிவி.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை விதித்ததும், பல வீடுகளில் நம் பிள்ளைகளின் ஒயரையும் பிடுங்கிவிட்டார்கள். அந்த விதி காசு கட்டி ஆடுவதற்கு. நம் சங்கத்தில் பந்தயம் கிடையாது, பரிசு என்பது ஒரு கோப்பையும் பிரியாணியும்தான். ஆனாலும் இரவு 11 மணிக்கு மேல் போட்டி வைப்பதில்லை என்று நாமே முடிவு செய்துகொண்டோம். விதிக்குப் பயந்து அல்ல, உம்மாமார்களுக்குப் பயந்து.

அறிக்கை ஆண்டுக்குள் வராது என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 6-இல் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி ஓடுவதால், ராமேஸ்வரம் உறுப்பினர்கள் இனி "பஸ் இல்லை" என்று சொல்லி நழுவ முடியாது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கடைசியாக, செப்டம்பர் போட்டிக்கு இரவல் போன சங்கத்தின் பிஎஸ்4 கன்ட்ரோலர்கள் இரண்டு இன்னும் திரும்பவில்லை. ஒன்று நீலம், அதன் இடது குச்சியில் ரப்பர் கிழிந்திருக்கும். எடுத்தவர் கூட்டம் முடிந்து டீ கொடுக்கும்போது பொருளாளர் மேசையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகலாம். நடவடிக்கைக் குறிப்பில் பெயர் வராது.

செயலாளர்