சிலுவை ஏந்திய கட்சியும் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய அரசியல் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, போர்ச்சுகல் நாட்டின் ‘ஷேகா’ கட்சியைக் கத்தோலிக்கத் தேசியக் கட்சி என்று அறிமுகப்படுத்தியதோடு நில்லாமல், அதன் வளர்ச்சி அந்நாட்டில் இறைப்பற்று மீண்டும் தழைப்பதையே காட்டுகிறது என்றும் முடித்திருந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மூன்று தலைமுறைகளாகக் கத்தோலிக்கராக வாழும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 40 ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில், அந்த முடிவைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என் மனம் ஒப்பவில்லை.

அக்கட்சியின் வளர்ச்சி உண்மை. 2019இல் தொடங்கப்பட்டு அவ்வாண்டே நாடாளுமன்றத்தில் ஓர் இடம் பெற்ற கட்சி, 2022இல் 12 இடங்களையும், 2024இல் 50 இடங்களையும், 2025 மே மாதத் தேர்தலில் 60 இடங்களையும் பிடித்து, 58 இடங்கள் பெற்ற சோசலிஸ்ட் கட்சியையே முந்திவிட்டது. அதன் தலைவர் ஆந்த்ரே வெந்தூரா 2026 பிப்ரவரியில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் தோற்றார் என்றாலும், வாக்களித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அவரைத்தான் விரும்பினார்கள். இளவயதில் குருக்களை உருவாக்கும் குருமடத்தில் பயின்ற அவர், இன்று ‘கடவுள், தாய்நாடு, குடும்பம், உழைப்பு’ என்று முழங்குகிறார். இவற்றுள் முதல் மூன்று சொற்களும் 1974 ஏப்ரல் 25 அன்று வீழ்ந்த சர்வாதிகார ஆட்சியின் முழக்கம். அந்த ஆட்சியை நிறுவிய சலசாரும் குருமடத்தில் படித்தவரே.

ஆனால் இந்த வாக்குகள் எங்கிருந்து வந்தன என்பதைக் கட்டுரையாளர் பார்க்கத் தவறிவிட்டார். 2025 தேர்தலில் ஷேகா முதலிடம் பெற்ற மாவட்டங்கள் செத்தூபல், பெஜா, ஃபாரோ, போர்த்தலெக்ரே ஆகியவை. நான்கும் தலைநகருக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ளவை. செத்தூபலும் பெஜாவும் நெடுங்காலம் இடதுசாரிகளின் கோட்டைகளாக இருந்தவை. ஞாயிறு திருப்பலிக்குச் செல்வோர் நாட்டிலேயே மிகக் குறைவாக உள்ள பகுதி என்று தென்பகுதியைத்தான் சொல்வார்கள். கோயில்கள் நிரம்பி வழியும் வடபகுதியில் அக்கட்சியால் முதலிடத்தைப் பிடிக்க முடியவில்லை. பக்தி பெருகியதால் வளர்ந்த கட்சி என்றால் வடக்கில் அல்லவா அது முதலில் வேரூன்றியிருக்க வேண்டும்? வீட்டு வாடகை கைக்கு எட்டாமல் போனதும், சம்பளம் உயராததும், இரண்டே கட்சிகள் மாறி மாறி ஆண்டதில் மக்களுக்கு ஏற்பட்ட சலிப்பும், ஒரு கோடிக்குச் சற்று அதிகமான மக்கள் வாழும் நாட்டில் வெளிநாட்டினர் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்குள் 15 லட்சத்தைத் தாண்டியதும்தான் அந்த வாக்குகளுக்குப் பின்னால் நிற்பவை. இவை பொருட்படுத்த வேண்டிய குறைகள். அவற்றுக்குச் சிலுவையைப் போர்த்தி விடையாக நீட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அந்த விடை எத்தகையது என்பதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். 2025 ஜூலையில், குடியுரிமைச் சட்டம் பற்றிய விவாதத்தின்போது, லிஸ்பன் பள்ளி ஒன்றில் படிக்கும் குழந்தைகளின் பெயர்களை வெந்தூரா நாடாளுமன்றத்தில் வாசித்தார். அந்தக் குழந்தைகள் செய்த குற்றம் எதுவும் இல்லை. அவர்களுடைய பெயர்கள் போர்த்துக்கீசியப் பெயர்களாக ஒலிக்கவில்லை என்பதைச் சபைக்குக் காட்டவே அவர் வாசித்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டுப் பழகியவன் நான். ஒரு பெயரைக் கூப்பிட்டவுடன் ‘உள்ளேன் ஐயா’ என்று எழுந்து நிற்கும் பிள்ளையின் முகத்தை அறிந்தவன். அந்தப் பெயர்கள் ஒரு நாட்டின் சட்டமன்றத்தில் குற்றப்பத்திரிகை போல வாசிக்கப்பட்டதைக் கேட்டபோது எனக்கு உடல் நடுங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ‘இது பங்களாதேஷ் அல்ல’ என்று அவருடைய படத்தோடு விளம்பரப் பலகைகள் எழுந்தன.

பெயரைக் கொண்டு இன்னார் நம்மவர், இன்னார் அயலார் என்று பிரிப்பதானால், எங்கள் வீட்டுப் பெயர்களை எந்தப் பக்கம் வைப்பார்கள்? என் தமையனுக்கு அந்தோணிசாமி என்று பெயர். செவ்வாய்க்கிழமைதோறும் நம் மக்கள் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்ளும் பதுவைப் புனிதர் அந்தோணியார் பிறந்தது லிஸ்பன் நகரில்தான். தமிழெழுத்தில் முதன்முதலில் நூல் அச்சிட்டவரும் ஒரு போர்த்துக்கீசியர்: 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட இயேசு சபைக் குரு ஹென்றிக் ஹென்றிக்கஸ். யூத வம்சாவளியினர் என்பதற்காகப் பிரான்சிஸ்கன் சபையில் இருக்க முடியாமல் வெளியேறியவர் அவர். இரத்தத் தூய்மை பார்த்தவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய மனிதர்தான் கடல் கடந்து வந்து, நம் மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். போர்ச்சுகலிலிருந்து கத்தோலிக்கம் நம்மிடம் வந்த வழி இதுவாக இருக்க, அதன் பெயரால் நம் போன்ற தோற்றமுடையவர்களை ஒரு கட்சி விரட்டப் பார்ப்பதை நான் எப்படிப் பொறுப்பேன்?

கிறிஸ்தவத் தேசியம் என்ற சொல் தென்னாப்பிரிக்கத் தமிழர்களாகிய எங்களுக்குப் புதிதன்று. 1948இல் இங்கே ஆட்சிக்கு வந்த, நிறவெறியைக் கொள்கையாகக் கொண்ட தேசியக் கட்சி, கிறிஸ்தவத் தேசியக் கல்வி என்பதைத் தன் கொள்கையாகவே வைத்திருந்தது. 1961ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் முகவுரை எல்லாம் வல்ல இறைவனுக்குப் பணிந்து தொடங்கியது. 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் எங்கள் மக்களைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து இறக்கி ஒரு நூற்றாண்டு கழியும் வரை, எங்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே அக்கட்சியின் நிலைப்பாடு. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரிக்க 1950இல் வந்த குழுவாரிப் பகுதிச் சட்டத்தால், டர்பனின் கேட்டோ மேனரில் இருந்த எங்கள் வீடும் போயிற்று. அறிவிப்பைக் கொண்டுவந்த அதிகாரி, முன்னறைச் சுவரில் இருந்த திரு இருதய ஆண்டவர் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாங்களும் கிறிஸ்தவர்களா என்று என் தாயாரிடம் கேட்டார். ஆம் என்றார் அம்மா. அதிகாரி தலையை ஆட்டிவிட்டு, கையொப்பமிட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். எனக்கு அப்போது 12 வயது. இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வர்த்துக்கு நாங்கள் வந்தபோது அந்தப் படத்தை அம்மா மடியில் வைத்துக்கொண்டுதான் லாரியில் வந்தார்.

தேசியக் கட்சியினர் கால்வின் வழிவந்த புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கத்தை ‘ரோமாபுரி அபாயம்’ என்று அஞ்சியவர்கள். ஆகவே அவர்களோடு போர்ச்சுகல் கட்சியை ஒப்பிடலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். கோட்பாடு வேறுதான். ஆனால் வேதத்தை இனத்துக்கு வேலியாக்கும் முறை ஒன்றே என்பதை எங்கள் ஆயர்கள் அன்றே கண்டுகொண்டார்கள். 1957இல், வெள்ளையர் பகுதிக் கோயில்களுக்குக் கறுப்பின மக்கள் வருவதைத் தடுக்க அரசு அதிகாரம் எடுத்துக்கொண்டபோது, டர்பன் பேராயர் டெனிஸ் ஹர்லி உள்ளிட்ட ஆயர்கள் அதற்குப் பணிய மறுத்தார்கள். அவ்வாண்டே அவர்கள் வெளியிட்ட அறிக்கை, நிறவெறிக் கொள்கை தன் இயல்பிலேயே தீயது என்று உரைத்தது. தங்கள் சொந்தப் பள்ளிகளிலும் குருமடங்களிலும் மருத்துவமனைகளிலும் பிரிவினை இருப்பதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டது. ஹர்லி பேராயராக இருந்த இம்மானுவேல் பேராலயமும் கிரே தெருவின் ஜும்மா பள்ளிவாசலும் இன்றும் அருகருகே நிற்கின்றன. மணியோசையையும் பாங்கோசையையும் சேர்த்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

போர்ச்சுகல் திருச்சபையின் வரலாறு இவ்வளவு தெளிவானதன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். லிஸ்பன் மறைமுதுவராக, அதாவது அந்நகரின் தலைமை ஆயராக, இருந்த கர்தினால் செரெஜெய்ரா சலசாரின் மாணவப் பருவ நண்பர். அந்த ஆட்சிக்கு அவரால் கிடைத்த மதிப்பு கொஞ்சமன்று. கருக்கலைப்பு, கருணைக்கொலை ஆகியவற்றில் ஷேகாவின் நிலையும் திருச்சபையின் போதனையும் பொருந்துவதால் அதற்கு வாக்களிக்கும் பக்தர்களும் உண்டு. இருந்தும் 1958இல் தொழிலாளர்களின் வறுமையை எடுத்துக்காட்டிச் சலசாருக்குக் கடிதம் எழுதிய போர்த்தோ ஆயர் அந்தோனியோ ஃபெரெய்ரா கோமஸ், 1969 வரை பத்தாண்டுகள் நாட்டுக்கு வெளியே அலைய நேர்ந்தது. அன்று போர்ச்சுகலின் ஆட்சியில் இருந்த எங்கள் அண்டை நாடான மொசாம்பிக்கில், 1972 டிசம்பரில் விரியாமு கிராமத்தில் போர்த்துக்கீசியப் படையினர் நடத்திய படுகொலையை உலகுக்கு வெளிப்படுத்தியவர்கள் கத்தோலிக்கக் குருக்களே. கடவுளையும் தாய்நாட்டையும் ஒரே மூச்சில் உச்சரித்த ஓர் அரசு, மனச்சாட்சியுள்ள குருக்களையும் ஆயரையும் தன் பகைவராகக் கண்டது. தேசியத்துக்காக மறையைப் பயன்படுத்துவதை 1926இலேயே திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் கண்டித்திருக்கிறார். அவரால் கண்டிக்கப்பட்ட பிரெஞ்சு இயக்கத்தின் தலைவர் மோராஸ் இறைநம்பிக்கை அற்றவர். ஒழுங்கை நிலைநாட்டும் கருவி என்ற அளவில் மட்டுமே திருச்சபை அவருக்குத் தேவைப்பட்டது. 2020இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில், குறுகிய தேசியத்துக்கும் அயலார் வெறுப்புக்கும் தங்கள் விசுவாசமே இடம் தருவதாக எண்ணும் நம்பிக்கையாளரைக் குறித்து வருந்தி எழுதினார்.

எங்கள் தெருமுனையில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் முதியவர் போர்த்துக்கீசியர். 1975இல் மொசாம்பிக் விடுதலை பெற்றபோது, வீட்டையும் கடையையும் விட்டுவிட்டு இரண்டு பெட்டிகளோடு எல்லை தாண்டி வந்தவர். அவர் அஞ்சல் மூலம் ஷேகாவுக்கு வாக்களித்ததாக என்னிடம் மறைக்காமல் சொன்னார். வெளிநாடுவாழ் போர்த்துக்கீசியருக்கான நான்கு இடங்களில் இரண்டை 2024இலும் 2025இலும் அக்கட்சியே வென்றது. இழந்த வீட்டைப் பற்றி அவர் பேசும்போது என் தாயாரின் குரலையே கேட்கிறேன். அவரை வெறுக்க என்னால் முடியாது. ஆனால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பட்டியலைப் பற்றிக் கேட்டேன். அவர் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றியவாறே, அதைத் தாம் கேள்விப்படவில்லை என்றார். சற்று நேரம் கழித்து, ஜோஹன்னஸ்பர்க்கில் தம் மகள் ஓர் இந்தியரை மணந்திருப்பதையும், பேரனுக்கு அருண் என்று பெயர் வைத்திருப்பதையும் தாமாகவே சொன்னார்.

கட்சிகளின் பெயரைத் தமிழில் தருவது செய்தியாளரின் கடமை என்பதை அறிவேன். ‘ஷேகா’ என்றால் ‘போதும்’ என்று பொருள்; அதையே தரலாம். அது தீவிர வலதுசாரிக் கட்சி. கத்தோலிக்க அடையாளத்தைத் தேர்தலுக்குப் பயன்படுத்துகிறது என்றும் எழுதலாம். கத்தோலிக்கக் கட்சி என்று அடைமொழி இல்லாமல் எழுதுவது, போர்த்தோ ஆயரையும் பேராயர் ஹர்லியையும் மறந்து எழுதுவதாகும். தங்கள் இதழின் அடுத்த செய்தியில் இந்தத் திருத்தம் இடம்பெற வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா