சங்கு கிட்டங்கி பங்குதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அஸ்ஸலாமு அலைக்கும் காக்காமாரே, லாத்தாமாரே,

கீழக்கரை பஜார்ல இருக்குற உங்க பழைய சங்கு கிட்டங்கிய, அதான் அந்த சங்கு குடோன, இடிச்சுட்டு காம்ப்ளெக்ஸ் கட்டப்போறீங்கன்னு கேள்விப்பட்டதுல இருந்து மனசே சரியில்ல. சொத்து உங்களுது, நான் வெளியாள் தான். ஆனா எங்க வாப்பா 22 வருஷம் அங்க தான் சங்கு தரம் பிரிச்சாங்க, ஓட்டை போட்ட தகட்டுல ஒவ்வொண்ணா விட்டு சைஸ் பாத்து சாக்குல கட்டி வளையல் அறுக்க கல்கத்தாவுக்கு அனுப்புவாங்க, சாயங்காலம் வீட்டுக்கு வந்தா அந்த கவிச்சி வாடை எத்தன சோப்பு போட்டாலும் சட்டைய விட்டு போகாது. அந்த உரிமைல எழுதுறேன்.

அந்த சுவரு செங்கல் இல்ல, கடல்ல எடுத்த பவளக்கல்லு. வெளிய வெயிலு மண்டைய பொளக்குறப்பவும் உள்ள ஜிலுஜிலுன்னு இருக்கும். இனி யாரு நெனச்சாலும் கடல்ல இருந்து அப்படி ஒரு கல்லு எடுக்க முடியாது, மன்னார் வளைகுடா தீவுகள 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சாச்சு, 2001ல பவளத்தையே வனவிலங்கு சட்டத்துல முதல் அட்டவணைல சேத்துட்டாங்க, புலி இருக்குற அதே பட்டியல். ஜேசிபி உள்ள வந்துருச்சுன்னா அவ்வளவு தான்.

சுவரு உப்பு பூத்து உதிருதுன்னு சொல்றீங்க, உண்மை தான், நானும் பாத்தேன். ஆனா உதிருறது பின்பக்கம் சிமெண்டு பூசுன இடத்துல மட்டும் தான். பவளக்கல்லு ஈரத்த குடிக்கும், சுண்ணாம்பு பூச்சா இருந்தா அந்த ஈரம் வெளிய காஞ்சு போயிரும், சிமெண்டு அந்த வழிய அடைச்சிரும், உள்ள தங்குன உப்பு கல்லயே அரிச்சிரும். முன்பக்கம் பழைய சுண்ணாம்பு இன்னும் வழவழன்னு இருக்கு, கைய வச்சு பாருங்க. அதே தெருவுல புதுசா கட்டுன மாடில உப்புக்காத்துல கம்பி துருப்பிடிச்சு கான்கிரீட்டு பேந்து விழுது, அத என்ன சொல்றது.

பங்கு பிரிஞ்சு பிரிஞ்சு பாதி பேரு கொழும்புலயும் துபாய்லயும் இருக்கீங்க, வர்ற வாடகைய பிரிச்சா ஆளுக்கு ஒண்ணும் தேறாது, அது எனக்கும் புரியுது. ஆனா முன்பக்க கடைங்கள மட்டும் தான் வாடகைக்கு விட்டுருக்கீங்க, உள்கூடம் பூட்டியே கிடக்கு. அத சரி பண்ணி விட்டா என்ன வாடகை வரும்னு ஒரு தடவ கணக்கு பாத்தீங்களா?

காண்ட்ராக்ட்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஒரு கொத்தனாரையும் ஒரு இன்ஜினியரையும் கூட்டிட்டு வந்து காட்டுங்க, அந்த செலவு என்னோடது. பெருநாளைக்கு எல்லாரும் ஊருக்கு வருவீங்கள்ல, சாவிய எடுத்துட்டு வாங்க, வாப்பாவ கூட்டிட்டு நான் வாசல்ல நிக்கிறேன்.