தகாத வார்த்தை என்று எழுதாதவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வலது கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. இடது கையின் ஒற்றை விரலால் தொட்டுத் தொட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சந்திப் பிழைக்கு மட்டும் கையைக் குறை சொல்ல முடியாது, அது என்னிடம் எப்போதும் இருப்பதுதான்.

என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் இந்நேரம் மூன்று விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உயிரோடு இருக்கிறேன். எலும்பு சேர்ந்துவிடும் என்கிறார்கள். ஒரு காது மட்டும் இன்னும் இரைந்துகொண்டே இருக்கிறது. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் சொல்லி நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் தன்பாலீர்ப்பாளர் என்பது உங்களில் பாதிப் பேரின் வீட்டில் தெரியாது. எனக்குத் துணை நின்ற பாவத்துக்கு உங்கள் பெயர் வெளியே வந்துவிடக் கூடாது. அதனால் பெயரில்லாமலே சொல்கிறேன்.

ஆம்புலன்ஸ் வரும்வரை என் தலையை மடியில் வைத்திருந்த, இன்றுவரை யாரென்று தெரியாத அந்த மனிதருக்கு. வார்டில் முறைவைத்துக் கண்விழித்த ஆறு பேருக்கு. "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டபோது யோசிக்காமல் "அண்ணன்" என்று சொன்ன, என்னைவிட நான்கு வயது சின்னவனுக்கு. அது பொய் என்று தெரிந்தும் அப்படியே எழுதிக்கொண்ட நர்ஸுக்கு. ஃபீஸ் பேச்சை எடுத்தாலே கோபித்துக்கொள்ளும் வக்கீலுக்கு. போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு எங்களுக்கு முன்பே வந்து நின்ற இரண்டு திருநங்கைகளுக்கு. எத்தனை பேருக்காக எத்தனை வாசலில் நின்று பழகியவர்கள் என்பது அவர்கள் நின்ற தோரணையிலேயே தெரிந்தது. அழுவது எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்று ஃபோனைக் கையால் பொத்திப் பொத்திப் பேசிய அக்காவுக்கு. ஆஸ்பத்திரியில் எனக்காகச் சார்ஜரை விட்டுப் போன யாரோ ஒருவருக்கு.

அப்புறம், "நீ ஏன் அங்க போன?" என்று கேட்காத எல்லோருக்கும். கேட்டவர்களும் இருந்தார்கள், அவர்களை விட்டுவிடலாம். டேட்டிங் ஆப்பில் பேசி, நம்பிப் போய், அங்கே ஒருவன் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பேர் நிற்பது நமக்குள் புதுக் கதையா என்ன? அடி, பணம், வீடியோ, "வீட்டுக்கு அனுப்பிருவோம்" என்ற மிரட்டல். மாட்டிக்கொண்டவன் வாயைத் திறக்க மாட்டான் என்ற நம்பிக்கைதான் அவர்களுக்கு முதலீடு. எனக்கு நடந்தது அதுதானா இல்லையா என்பது இருக்கட்டும். எப்படி நடந்திருந்தாலும் கேள்வி என் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டீர்களே, அதற்குத்தான் நன்றி.

இப்போது, உண்மையில் யாருக்காக இந்த மடலோ அவரிடம் வருகிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன், எனக்கு நல்லது செய்யப் போய் அவருக்கு மெமோ வந்துவிடக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொள்பவர், ரைட்டர் மேடம் என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் தடவை போனபோது அவர் இல்லை. இருந்தவர் என்னை நிற்கவைத்தே பேசினார். "பெரிசு பண்ணாதீங்க, உங்களுக்குத்தான் அசிங்கம்" என்றார். அவர் சொன்னதில் பாதியை நான் நம்பியும்விட்டேன். வக்கீல் பிடித்த பிடியில்தான் மறுபடி போனோம். அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. தலை நிமிராமலே "உட்காருங்க தம்பி" என்றார்.

நான் சொல்லச் சொல்ல எழுதினார். எத்தனை மணி, எந்த இடம், எத்தனை பேர், கையில் என்ன வைத்திருந்தார்கள். எல்லாம் தட்டுத் தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தது. "திட்டிக்கிட்டே அடிச்சாங்க மேடம்" என்றேன். பேனா நின்றது.

"என்னன்னு திட்டினாங்க?"

"கெட்ட வார்த்தைல."

"அதான், என்ன வார்த்தை?"

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். வேறு ஏதோ பஞ்சாயத்துக்கு வந்த ஒரு குடும்பம், டீ கொண்டுவந்த பையன், சுவரோரம் இரண்டு போலீஸ்காரர்கள். எனக்கு நாக்கு எழவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து முதுகுக்குப் பின்னால் கேட்டு வளர்ந்த சொல் அது. அதை என் வாயால் ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. இரண்டு நாள் முன்னால் ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை சொன்னார்கள், எண்ணிக்கை வைப்பதுபோல.

"தகாத வார்த்தைன்னு போட்டுக்கோங்க மேடம்." நான்தான் சொன்னேன். மேடம் என்னை மறைக்கச் சொல்லவில்லை, நானே போய் மறைத்துக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தகாத வார்த்தை, தகாத வார்த்தைன்னு இந்த மேசைல உக்காந்து நான் எழுதாத நாளே கிடையாது தம்பி. குடிச்சிட்டு அடிச்சாலும் அதான், குடுத்த கடனைக் கேட்டு அடிச்சாலும் அதான். உங்கள எதுக்கு அடிச்சாங்கன்றது அந்த வார்த்தைலதான இருக்கு? அதை விட்டுட்டா இது வெறும் அடிதடி கேஸு."

நான் குனிந்தே இருந்தேன். அவர் ஒரு துண்டுத் தாளைக் கிழித்து என் பக்கம் தள்ளினார், பேனாவையும். "வாயால சொல்ல வேணாம். எழுதிக் குடுங்க."

இடது கையால் எழுதினேன். கோணல்மாணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. மூன்றே சொற்கள், அதற்கு இரண்டு நிமிடம் பிடித்தது. அவர் வாங்கிப் படித்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தன்னுடைய குண்டு குண்டு எழுத்தில் புகாருக்குள் அதைப் பெயர்த்து, முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டார். துண்டுத் தாளை நாலாகக் கிழித்தார். பக்கத்திலேயே குப்பைக்கூடை இருந்தது. அதில் போடாமல் தன் கைப்பையைத் திறந்து அதற்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டினார். அந்த இடம் வந்ததும் குரல் நின்றது. தாளை என் பக்கம் திருப்பி, அந்தச் சொற்களுக்கு அடியில் நகத்தை வைத்து, கண்ணாலேயே "சரியா?" என்றார். தலையாட்டினேன். அடுத்த வரியிலிருந்து மறுபடி சத்தமாகப் படித்தார்.

அதோடும் விடவில்லை. "எந்த நம்பருக்குக் கூப்பிடணும்? அதை யார் எடுப்பாங்க?" என்றார். "வீட்டு அட்ரஸுக்கு ஆள் வந்தா பரவால்லயா, இல்ல வக்கீல் ஆபீஸைப் போட்டுக்கவா?" எனக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை. புகார் கொடுத்தவன் வீட்டுக்குப் போலீஸ் ஃபோன் அடித்து, எடுத்த அப்பாவிடம் விவரம் சொல்ல, அடித்தவர்கள் செய்யாமல் விட்ட வேலையை அந்த ஒரு ஃபோன் முடித்துவைத்த கதை எனக்குத் தெரிந்தே உண்டு. அதற்குப் பயந்துதான் நம்மில் பெரும்பாலோர் அந்தப் படியே ஏறுவதில்லை.

அவரைப் பெரிய புரட்சிக்காரராக நினைத்துவிடாதீர்கள். கையெழுத்து வாங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டா சரியாயிடும்னு சொல்றாங்களே தம்பி, அப்படி இல்லியா?" என்றார். "இல்ல மேடம்" என்றேன். "ம்ம்" என்று சொல்லிவிட்டுத் தேதியைப் போட்டார். என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்றே நினைக்கிறேன். புரியாமலே சரியாகச் செய்தார். புரிந்துகொண்டதாகச் சொல்லும் எத்தனையோ பேருக்கு முன்னால் நான் இவ்வளவு லேசாக உட்கார்ந்ததில்லை.

படுக்கையில் கிடந்த நாட்களில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆறுதலுக்காகப் படிக்கக்கூடிய விஷயமில்லை, ஆனாலும் படித்தேன். ஸ்பெயினில் லா கொருன்யா நகரம், 2021 ஜூலை 3. சாமுவேல் லூயிஸுக்கு வயது 24. இரவு விடுதிக்கு வெளியே நின்று தோழியோடு யாரிடமோ வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். தன்னைப் படமெடுப்பதாக நினைத்து ஒருவன் பாய்ந்தான், பிறகு கும்பலே சேர்ந்து அடித்துக் கொன்றது. இது வெறுப்புக் குற்றமா, வெறும் குடிபோதைச் சண்டையா என்று மூன்று வருடம் வாதம் நடந்தது. பாய்ந்தவன் வாயிலிருந்து வந்த வசைச் சொல்லைக் கூட இருந்த தோழி கேட்டிருந்தாள். கோர்ட்டில் சொன்னாள். 2024 நவம்பரில் ஜூரி நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் முதன்மையானவனுக்கு மட்டும், தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்பும் காரணம் என்று ஏற்றது. அவனுக்கு 24 ஆண்டு. அந்தத் தோழி "தகாத வார்த்தை" என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த வெறுப்புக்குக் கோர்ட்டில் வேறு எதைக் காட்டியிருப்பார்கள்?

அதே வழக்கில் இன்னொன்று. வேடிக்கை பார்த்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்து சாமுவேலைக் காப்பாற்றப் பார்த்த இரண்டு பேர், செனகலிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதைப் படித்ததும், என் தலையை மடியில் வைத்திருந்தவரிடம் பெயர்கூடக் கேட்கவில்லையே என்று அழுதேன். ஐயா, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மாத்யூ ஷெப்பர்டைப் பற்றி முன்பே தெரியும். அமெரிக்காவில் வயோமிங் மாநிலம், 1998 அக்டோபர், வயது 21. வேலியில் கட்டி, அடித்து, குளிரில் விட்டுப் போனார்கள். மறுநாள் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தவர் முதலில் சோளக்கொல்லை பொம்மை என்றே நினைத்தார். கோர்ட்டில் அடித்தவன் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? மாத்யூதான் அடித்தவனைத் தொட்டானாம், அதில் அடித்தவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாம். நீதிபதி அந்த வாதத்தை அனுமதிக்கவில்லை. செத்தவன் எழுந்து வந்து இல்லையென்று சொல்ல முடியாதே, அந்தத் தைரியம். மாத்யூவின் பெயரையும் சேர்த்து வைத்த வெறுப்புக் குற்றச் சட்டம் அந்த நாட்டில் வந்தது 2009 இல், பதினோரு வருடம் கழித்து. அஸ்தியை எங்கே வைத்தாலும் யாராவது வந்து சிதைத்துவிடுவார்களோ என்று பெற்றவர்கள் தங்களிடமே வைத்திருந்தார்கள். 2018 இல்தான் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். இருபது வருடம். அந்தத் தாயும் தகப்பனும் அதைக் கண்முன்னே வைத்துக்கொண்டு எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இன்றைக்கும் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நம்மைப் போன்றவர்களின் உறவே குற்றம். அங்கே அடிபட்டவன் புகார் கொடுக்கப் போனால் அவனையே உள்ளே தள்ளலாம். எனக்கு உட்கார நாற்காலி கிடைத்தது, எழுதிக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தார். கிடைத்திருக்க வேண்டியதுதான், அதிர்ஷ்டம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அன்று அந்த மேசையில் வேறொருவர் இருந்திருந்தால் நான் பேசாமல் திரும்பி வந்திருப்பேன் என்பதும் நிஜம்.

அந்த மூன்று சொற்கள் கோர்ட்டில் நிற்குமா என்று வக்கீலுக்கே தெரியவில்லை. எதிர்த் தரப்பு வக்கீல் அதைச் சத்தமாகப் படிப்பார், தயாராக இரு என்று சொல்லியிருக்கிறார். தினமும் கண்ணாடி முன்னால் நின்று அந்தச் சொற்களைச் சொல்லிப் பழகுகிறேன். முதல் நாள் குரல் வரவில்லை. நேற்று வந்தது.

எனக்கு நடந்ததைக் கேள்விப்பட்டு ஆப்பை அழித்தவர்கள், கம்மலைக் கழற்றி வைத்தவர்கள், நடக்கும்போது கையை இறுக்கமாக வைத்துக்கொள்ளத் தொடங்கியவர்கள் என்று இதுவரை ஐந்து பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அடி என் ஒருவன் மேல்தான் விழுந்தது, ஆனால் அவர்கள் ஐந்து பேரும் வலிக்கிறது என்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். யாராவது புகார் கொடுக்கப் போவதென்றால், எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். பக்கத்தில் வந்து உட்காருகிறேன். நீங்கள் பேச முடியாமல் போனால் துண்டுத் தாள் கொண்டுவருகிறேன். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லுங்கள், "தகாத வார்த்தை" என்று எங்காவது இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைப் பாருங்கள்.

ரைட்டர் மேடம், இது உங்கள் கைக்கு வந்து சேருமா, தெரியாது. அக்கா ஒரு பிரதியை மடித்துக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அந்தத் துண்டுத் தாளை அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும்போல இருக்கிறது. கேட்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. அந்த வெள்ளைச் சார்ஜர். மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன், மூன்று பேரும் என்னுடையது இல்லை என்கிறார்கள். ஒயர் முனையில் நீல நிற டேப் சுற்றியிருக்கிறது. இந்த மடலைத் தட்டி முடிப்பதற்குள் ஃபோன் இரண்டு தடவை அணைந்து, அதில்தான் போட்டிருக்கிறேன். உரியவர் வந்து வாங்கிக்கொள்ளலாம், அவசரமில்லை.