திரைப்படச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதத் திரையிடல்கள் இந்த ஆண்டு தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது நாம் திரையிட்ட, டிக் பார்ட்டன் என்ற கற்பனைத் துப்பறிவாளரின் படங்களைப் பற்றி. ஹிட்ச்காக் இருக்க, இந்தச் சின்ன பட்ஜெட் உளவுப் படங்கள் எதற்கு என்று செயற்குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

டிக் பார்ட்டன் பிறந்தது வானொலியில். 1946 அக்டோபரில் பிபிசியின் லைட் புரோகிராம் என்ற வானொலி அலைவரிசையில் தொடராகத் தொடங்கியது. வார நாட்களில் மாலை 6.45 மணிக்குக் கால் மணி நேரம். போர் முடிந்து திரும்பிய முன்னாள் கமாண்டோ பார்ட்டனும் அவர் கூட்டாளிகள் ஸ்னோயி, ஜாக் இருவரும் தினமும் ஏதாவது ஆபத்தில் மாட்டுவார்கள், அதோடு அன்றைய பகுதி முடியும். உச்சத்தில் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் கேட்டார்கள்.

அந்தப் பெயரை நம்பித்தான் ஹாமர் என்ற பிரிட்டிஷ் படத் தயாரிப்பு நிறுவனம் 1948-இல் முதல் படத்தை எடுத்தது. வானொலியில் பேசிய நோயல் ஜான்சனுக்குப் பதில் டான் ஸ்டானார்ட் நடித்தார். கிருமிகளை ஏவி பிரிட்டனை அழிக்கத் திட்டமிடும் கும்பல்தான் கதை. செட்டுகளில் சிக்கனம் தெரிகிறது, சண்டைகள் அவசரமாக முடிகின்றன. ஆனால் 1949-இல் இரண்டாவதாக வெளிவந்த படத்தில், இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலின் கோபுரத்து உச்சகட்டம் வந்ததும் அரங்கில் பேச்சே இல்லை. நிஜக் கோபுரம், நிஜ உயரம். காசு இல்லாதவர்கள் ஊரையே செட்டாக்கிக்கொண்டார்கள். இதைப் பார்க்கத்தான் இந்தப் படங்களைப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஆண்டே கார் விபத்தில் ஸ்டானார்ட் இறந்துபோனார். இரண்டாவதாக எடுத்த படம் 1950-இல் மூன்றாவதாக வெளிவந்தது. படத் தொடர் அதோடு நின்றது. நல்ல நடிகர், பாவம்.

ஹாமர் இந்த வழியை விடவில்லை. வேறு வானொலித் தொடர்களையும் படமாக்கியது. அப்புறம் 1955-இல் தொலைக்காட்சித் தொடரான குவாட்டர்மாஸையும் எடுத்தது. திகில் படங்களால் ஹாமர் உலகப் புகழ் பெற்றது அதற்குப் பின்புதான்.

படத்துக்கு முன் விளக்கை அணைத்து, வானொலித் தொடரின் முகப்பு இசையான ‘டெவில்ஸ் கேலப்’பை ஒலிக்கவிட்டோம். சார்ல்ஸ் வில்லியம்ஸ் எழுதிய அந்தப் பாய்ச்சலை நம் பழைய ஒலிபெருக்கி பாதிதான் தந்தது. புதியது வாங்கவும், வரும் ஆண்டில் ஹாமரின் மற்ற வானொலிப் படங்களைத் திரையிடவும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்