காஹவாய் வழக்குக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

ஆக்லாந்து,
ஜூன் 2009

அன்புடையீர்,

கடந்த மே 28 அன்று நியூசிலாந்து உச்ச நீதிமன்றம் காஹவாய் வழக்கில், அதாவது காஹவாய் என்ற கடல்மீனில் வணிகத்துக்கு எவ்வளவு, சொந்தச் சாப்பாட்டுக்குத் தூண்டில் போடும் நமக்கு எவ்வளவு என்ற வழக்கில், தீர்ப்புச் சொல்லிவிட்டது. நாம் தோற்றோம். ஐந்து நீதிபதிகளில் நால்வர் நம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். தோற்ற வழக்குக்கு நன்றி மடல் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஜெயித்திருந்தால் நன்றி சொல்லப் பெரிய மனிதர்கள் மேடை ஏறியிருப்பார்கள், இது என் வரைக்கும் வந்திருக்காது.

மசாலாக் கடைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் வைத்த உண்டியல் உங்களுக்கு நினைவிருக்கும். காலி ஹார்லிக்ஸ் டப்பா, மூடியில் கத்தியால் கீறிய ஓட்டை, பழுப்பு டேப். அதில் காசு போட்டவர்களில் பாதிப் பேர் தூண்டிலைத் தொட்டதே இல்லை. "என்ன வழக்கு?" என்று கேட்டவர்களுக்கு, பின்னால் வரிசை நிற்கும்போது அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. அந்தப் பாக்கியை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

காஹவாய் ஒன்றும் கௌரவமான மீன் இல்லை. சூரை மாதிரி ரத்தம் கனத்த கறுத்த சதை. பிடித்த கையோடு செவுளை வெட்டி ரத்தத்தை வடியவிட்டு ஐஸில் போட்டால் குழம்புக்கு அருமையாக இருக்கும், வெயிலில் கிடந்தால் பூனை கூடச் சீண்டாது. வெள்ளைக்காரர்கள் புகை போட்டுச் சாப்பிடுவார்கள். படகு இல்லாதவனுக்கும் கிடைக்கிற மீன் என்பதுதான் இதன் பெருமை. ஆற்று முகத்துவாரத்தில் நின்று பளபளக்கும் தகட்டு இரையை வீசி இழுத்தால் போதும். இங்கே கடலில் சொந்தச் சாப்பாட்டுக்குப் பிடிக்க உரிமச் சீட்டும் வேண்டாம். பிடித்ததை விற்கத்தான் கூடாது.

இந்த மீனைப் பெரிய மீன் நிறுவனங்கள் சுருக்குமடி போட்டு அள்ளின. சுருக்குமடி என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக் கடற்கரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம். இங்கே கூடுதலாக ஒன்று உண்டு: சிறு விமானத்தில் பறந்து கூட்டம் எங்கே என்று பார்த்துக் கப்பலுக்குச் சொல்வார்கள். அப்படி அள்ளியதில் ஒரு பகுதி சிங்கி இறால் கூண்டுகளுக்கு இரையாகப் போனது. சாப்பிடக்கூட இல்லை!

2004 அக்டோபர் 1 அன்று காஹவாய் கோட்டா முறைக்குள், அதாவது ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று அளவு வைக்கும் முறைக்குள், வந்தது. 1996-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அமைச்சர் முதலில் மொத்த அளவை நிர்ணயிக்க வேண்டும். அதில் இந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மரபுவழி மீன்பிடிக்கும், சட்டம் பொழுதுபோக்கு மீன்பிடிப்பவர்கள் என்று சொல்லும் நம்மைப் போன்றவர்களுக்கும், மீன்பிடியால் வேறு வகையில் சாகிற மீனுக்கும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வணிக மீன்பிடிக்குக் கொடுக்க வேண்டும். ஆக்லாந்து அடங்கிய வடகிழக்குக் கடற்பகுதிக்கு மொத்தம் 3,685 டன். நமக்கு 1,865, வணிகத்துக்கு 1,195. அடுத்த ஆண்டே எல்லோருக்கும் ஏறத்தாழ பத்து சதவீதம் வெட்டி, நமக்கு 1,680, அவர்களுக்கு 1,075 என்றார்கள்.

எல்லோருக்கும் ஒரே வெட்டுதானே, இதில் என்ன அநியாயம் என்று தோன்றும். எனக்கும் புரியச் சில நாள் பிடித்தது. இந்தப் பங்குகளுக்கு அடிப்படை, அதற்கு முந்தைய ஆண்டுகளில் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கு. அள்ளி அள்ளிக் கூட்டம் மெலிந்த பிறகும் விமானம் வைத்திருப்பவன் மீனைக் கண்டுபிடித்துவிடுவான். முகத்துவாரத்தில் நிற்பவனுக்கு மீன் தானாக வந்தால்தான் உண்டு. அவன் பை காலியாகும். அந்தக் காலிப் பையைக் காட்டி "உன் தேவை இவ்வளவுதான்" என்று எழுதிக்கொண்டால், கடலைக் காலி செய்தவனுக்கும் காத்து நின்றவனுக்கும் ஒரே தண்டனை. நம் தரப்பின் மனக்குறை இதுதான்.

2005-இல் நியூசிலாந்து பொழுதுபோக்கு மீன்பிடி மன்றமும் பெருமீன் தூண்டிலாளர் மன்றமும் சேர்ந்து வழக்குப் போட்டன. எதிரே அமைச்சர், கூடவே பெரிய மீன் நிறுவனங்கள். தங்கள் வாரக் கடைசிகளைக் கோப்புகளுக்குக் கொடுத்த அந்த இரு மன்றத்தாருக்கும் முதல் நன்றி. நீதிமன்றத்தில் வாதாடிய அலன் கால்பிரெய்த்துக்கும் அவர் குழுவுக்கும் அடுத்தது. 2007 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி ஹாரிசன், மக்களின் சமூக, பொருளாதார, பண்பாட்டு நலனை அமைச்சர் உரிய முறையில் கருத்தில் கொள்ளவில்லை என்று தீர்ப்பளித்தபோது கடையில் ஜிலேபி கொடுத்தோம். 2008 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் பெரும்பகுதியை மாற்றியது. அதன்பிறகும் உண்டியலில் காசு விழுந்தது. அப்போது போட்டவர்களுக்கு என் தனி வணக்கம்.

ஆப்ஷன்4 குழுவினரை விட்டுவிட முடியாது. 2000-இல் அரசுத் தரப்பு பொழுதுபோக்கு மீன்பிடி உரிமையை ஒழுங்குபடுத்த மூன்று வழிகளைக் காட்டி இதில் ஒன்றைப் பொறுக்கிக்கொள் என்றபோது, மூன்றும் வேண்டாம், நாலாவது எங்களுடையது என்று கிளம்பியவர்கள். அன்று 60,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. சட்டத்தைச் சாதாரண மனிதனுக்குப் புரிகிற மாதிரி சொன்னவர்கள் இவர்கள்தான். நான் மேலே எழுதியதில் பாதி அவர்களிடம் கற்றது.

வடக்கே வாழும் மாவோரி இனக்குழுவான ஙாபுஹி மக்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மரபுவழிப் பங்கு அவர்களுக்குச் சட்டத்திலேயே தனியாக இருக்கிறது. ஒதுங்கி இருந்திருக்கலாம். ஆனால் மாவோரி மக்களும் தூண்டில்காரர்களும் சேர்ந்து பேசிய ஹொக்கியாங்கா உடன்பாட்டுக் கூட்டங்களில் அவர்கள் வேறு ஒரு கணக்கைச் சொன்னார்கள். மரபுவழி அனுமதி துக்க வீட்டுக்கும் ஊர்க்கூடலுக்கும் வாங்குவது. பிள்ளைகளின் இரவுச் சாப்பாட்டுக்காகக் கடலுக்குப் போகும்போது சட்டத்தின் கண்ணில் நாங்களும் பொழுதுபோக்குக்காரர்கள்தான் என்றார்கள். மோட்டு ஆற்று முகத்துவாரத்தில் எத்தனையோ தலைமுறையாகக் காஹவாய் பிடிக்கும் மாவோரியரும் அந்தப் பட்டியலில் வருகிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று வந்த நம்மையும் அதே பக்கத்தில் நிற்கவைத்தது அவர்கள் பெருந்தன்மை.

தலைமை நீதிபதி சியான் எலியாஸ் மட்டும் பெரும்பான்மையோடு உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார். நீதிபதிக்கு நன்றி சொல்வது முறையல்ல, அதனால் சொல்லவில்லை. எழுதியதைப் படித்தேன், அவ்வளவுதான்.

சரி, கையில் மிஞ்சியது என்ன? ஒதுக்கும் வரிசையில் நாம் முன்னால் நிற்பதாலேயே நமக்கு முன்னுரிமை வந்துவிடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது வலிக்கிறது. ஆனால் வணிகக் கோட்டாவை நிர்ணயிக்கும் முன் நம் பங்குக்கு இடம் விட்டாக வேண்டும் என்ற சட்டக் கடமை அப்படியே இருக்கிறது. நம்மைக் கணக்கில் எடுக்காமல் யாரும் இனிக் கையெழுத்துப் போட முடியாது. எங்கே தவறினாலும் கேட்பதற்கு ஆள் இருக்கிறது, கேட்கும் முறையும் தெரியும்.

அப்புறம், வீட்டு ஆட்கள். இடம் கொடுத்த மசாலாக் கடை அண்ணாச்சிக்கும், துண்டறிக்கையைத் தமிழில் தட்டித் தந்த தங்கச்சிக்கும், புகை போட்ட மீனை விற்கக் கூடாது என்பதால் சும்மா கொடுத்துவிட்டு "விருப்பப்பட்டதை டப்பாவில் போடுங்கள்" என்று சொல்லலாமா என்று கேட்டு, அதுவும் வேண்டாம் என்று நாங்கள் தடுத்ததும் முறுக்குச் சுட்டு விற்ற மாமிக்கும் கும்பிடு. முறுக்குதான் அதிகம் வசூலித்தது.

உண்டியலில் இருந்ததைப் போன வாரம் எண்ணி வழக்கு நிதிக்குக் கட்டிவிட்டோம். ரசீது கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்த முறை அமைச்சகம் காஹவாய் அளவைப் பற்றிக் கருத்துக் கேட்கும்போது மனு எழுத உதவி வேண்டுபவர்கள் அண்ணாச்சியிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.

நன்றியுடன்,
தூத்துக்குடியில் பிறந்த ஓர் ஆக்லாந்துத் தூண்டில்காரன்