டிக்கியில் நைட்ரஸ், வெளியே மதுரை வெயில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எஞ்சினுக்குள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் செலுத்தித் திறனைக் கூட்டும் நைட்ரஸ் கிட்டைக் காருக்கு வாங்கி மாட்டுகிறவர்கள் அதனுடன் வரும் கையேட்டை அப்படியே நம்பக் கூடாது. அது குளிர்நாட்டுக்காரர்களை மனதில் வைத்து எழுதியது. சிலிண்டரில் 900 முதல் 1,000 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும் என்று சூடேற்ற ஹீட்டரும் விற்கிறார்கள். சித்திரை வெயிலில் மதுரைக்கு எதற்கு ஹீட்டர்? நைட்ரஸ் ஆக்சைடு 36.4 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் திரவமாக நிற்காது, அழுத்தம் விறுவிறுவென ஏறும். மாட்டுத்தாவணியில் பகலெல்லாம் வெயிலில் நிற்கும் காரின் டிக்கி அதைவிடச் சூடு.

சிலிண்டர் வெடிக்குமோ என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் முதலில் போவது பிஸ்டன். இந்த வாயு தானாக எரியாது. எஞ்சின் சூட்டில் உடைந்து ஆக்சிஜனைத் தரும். இந்த வாயுவின் எடையில் ஆக்சிஜன் 36 சதவீதம், காற்றில் 23தான். அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூட வேண்டும். வாயுவும் பெட்ரோலும் பாயும் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளைகளான வாயு ஜெட், பெட்ரோல் ஜெட் இரண்டும் குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கணக்கிட்டவை. வாயு 1,200 பிஎஸ்ஐயில் பாய, பெட்ரோல் பழைய அளவிலேயே வந்தால் நாக்கிங் அடிக்கும் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும்), பிஸ்டன் தலை உருகும். ஓட்டியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக மினுங்குவது பிஸ்டனின் அலுமினியம்.

ஆகவே அழுத்தமானி கட்டாயம். முள் 1,000 தாண்டினால் ஈரத்துணி போர்த்தி ஆறவிட்ட பிறகே திறக்க வேண்டும். 1,200 சிசி எஞ்சினுக்கு 25 குதிரைத்திறன் கூட்டும் ஜெட் போதும். பெட்ரோலையும் சேர்த்துத் தெளிக்கும் 'வெட்' கிட் நல்லது. சூட்டை வேகமாகக் கடத்தும், ஒரு படி 'கோல்டு' பிளக் போடுங்கள். கூட்டும் 50 குதிரைத்திறனுக்கு 2 டிகிரி என்ற கணக்கில், பிளக் பொறி விடும் டைமிங்கைக் குறைப்பது வழக்கம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து 3,000 ஆர்பிஎம் கடந்தால் மட்டுமே வாயு திறக்கும்படி சுவிட்ச் வையுங்கள். அதற்குக் கீழே திறந்தால் எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே டமார்தான். பெட்ரோல் அழுத்தம் இறங்கினால் வாயுவை நிறுத்தும் சுவிட்சைக் காசு மிச்சமென்று விடுகிறவர்கள், எஞ்சின் ரீபோர் கூலியை முதலில் விசாரித்துக்கொள்ளட்டும்.

குழாய் முனை விரிந்து பொருந்தும் ஃபிளேர் ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். டேப் துணுக்கு சாலினாய்டில் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வில்) சிக்கினால் வால்வு மூடாது. எண்ணெய், கிரீஸ் படவே கூடாது. அழுத்தம் மிஞ்சி சிலிண்டரின் பாதுகாப்புத் தகடு கிழிந்தால் வாயு காருக்குள் வராமல் வெளியேற குழாய் வேண்டும். மூடிய காரில் அது மூச்சை முட்டும்.

இத்தனை செய்தாலும் ரிங் ரோட்டில் ஓட்ட முடியாது. அனுமதியின்றி வண்டியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டுமேகூட. ஆசைப்படுகிறவர்கள் காரை லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்கோ, கோவை செட்டிபாளையத்துக்கோ கொண்டுபோய் ரேஸ் டிராக்கில் ஓட்டட்டும்.

– கார் மெக்கானிக்குகள் சிலர், வில்லாபுரம், மதுரை